ஒன்றரைச் சாண் குழல்

வற்றாத மூன்று ஆறுகளும் வளையாத ஒரு செங்கோலும் காத்துவரும் வெண்கோட்டு நாட்டின் அரசி அரியநாச்சியாரின் திருமுத்திரை தாங்கும் தலைமை அமைச்சர் உலகுடையான், கருங்கணவாய்க் கோட்டைக் காவலரும் அரசியாரின் உடன்பிறந்த தம்பியுமாகிய இளவரசர் சேந்தன் அதிதீரருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மதில்கள் உறுதியுடன் நிற்க. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க. இதை அமர்ந்து ஓதியருள்க.

திருவிழா நாளில் அரசியார் பல்லக்கில் பவனி வந்தபோது, மாந்தோப்பு மதிலிலிருந்து அடுத்தடுத்து இரண்டு வெடிகள் எழுந்ததைத் தாங்கள் அறிவீர்கள். முதற்குண்டு வெண்குடையின் காம்பைத் துளைத்தது. அடுத்தது அதற்கு நான்கு விரல் கீழே துளைத்துச் சென்று, குடை பிடித்த பூவணனின் நெஞ்சில் தைத்தது. ஒரு சிறுமி நீட்டிய மாலையை வாங்க அரசியார் அக்கணம் குனிந்திராவிடில், இந்நாடு இன்று தலையற்றுக் கிடந்திருக்கும்.

தோப்புக் காவலன் மாடக்கண்ணு மதிலடியில் பிடிபட்டான். அவன் இடுப்பில் நான்கு விரல் நீளக் குழலுடைய கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. அது அன்றைய தினமே வெடித்தது என்று ஆயுதசாலைத் தலைவர் வடுகநாத ஆசாரி முகர்ந்து பார்த்துச் சான்று சொன்னார். அவன் அழுது சொன்னதை அவன் வாய்மொழியாகவே எழுதுகிறோம்: “சாமி, தோப்புக் கொரங்க மெரட்டத்தான் அத வச்சிருந்தேன். ஒரு கொரங்கு மேலகூட அது ஒருநாளும் பட்டதில்ல.” அவை நகைத்தது. இரண்டாம் வெடிக்கான இணைத் துப்பாக்கியைக் கேணியில் எறிந்திருப்பான் என்றும், ஏழு நாளில் அவன் தலை விழவேண்டும் என்றும் உரைத்தவர் தாங்களே.

மூன்றாம் நாள், வெள்ளிப் பூண் மாற்றுவதற்காக அந்தக் குடைக்காம்பு ஆசாரியின் பட்டறைக்கு வந்தது. அவர் இரு துளைகளுக்கும் நடுவே தம் விரல்களை வைத்தார். நான்கே விரல்கள் அடங்கின. தம்முடைய ஒரு சொல்லால் ஒரு பெண் தாலி இழக்கப்போகிறாள் என்ற எண்ணம் அவரை உண்ணவிடவில்லை. நம்மிடம் வந்து, “தப்பாச் சொல்லிட்டேனுங்க. வெடிச்சது நெசம். ஆனா அந்தத் துப்பாக்கியால இவ்வளவு நெருக்கமாச் சுட ஆகாது” என்றார்.

யானைத் திடலில், நம் கண்முன்னே, முப்பது காலடித் தொலைவில் கதவளவுப் பலகை ஒன்றை நிறுத்தினார். நம் படையின் கைதேர்ந்த நால்வர் அச்சிறு துப்பாக்கியால் பத்துமுறை சுட்டனர். மூன்று குண்டுகளே பலகையைத் தொட்டன. அவையும் மூலைக்கொன்றாய்ச் சிதறின. பின்பு அதே பிடியிலும் அதே விசையிலும் தாமே செய்த ஒன்றரைச் சாண் குழலைப் பொருத்தி, அதே அளவு வெடிமருந்திட்டுச் சுடச் செய்தார். பத்தில் எட்டுக் குண்டுகள் ஒரு சோற்றுத் தட்டின் அகலத்துக்குள் அடங்கின.

காரணம் கேட்டோம். குறிபார்க்கக் குழல்மேல் இருக்கும் பின்குறியும் முன்மணியும் அருகருகே இருந்தால், கை எள்ளளவு பிசகுவது கண்ணுக்குத் தெரியாது. அந்த எள்ளே இலக்கை எட்டும்போது முழமாகிவிடும். குழல் நீண்டால் இரண்டும் விலகி நிற்பதால், பிசகு உடனே தெரியும், கை தன்னைத் திருத்திக்கொள்ளும். மேலும், குட்டைக் குழலில் மருந்து முழுதும் எரியுமுன் குண்டு வெளியேறிவிடுகிறது. எஞ்சியது குழல்வாயில் தீயாய்க் கக்கிக் கையை உதறுகிறது. இவ்வாறு ஆசாரி விளக்கினார். இந்நாட்டில் ஒன்றரைச் சாண் குழலுடையவை எத்தனை என்று வினவினோம்.

“ஒரே சோடிதானுங்க. கடல்தாண்டி வந்தது. குறிமணி வச்சுக் குடுத்தது நாந்தான். யாருக்குன்னு சொன்னா என் பிள்ளைங்க உசுரோட இருக்குமா?”

இருக்கும் என்று அரசியாரின் பெயரால் வாக்களித்தோம். அவர் சொன்ன பெயர், இவ்வோலையின் தலைப்பில் நாம் வாழ்த்தி எழுதிய பெயர். மறுநாள் அவர் பட்டறை நண்பகலில் தீப்பற்றியது. ஆசாரியும் மனை மக்களும் அதற்கு முன்பே நம் இல்லம் சேர்ந்திருந்தமையால், எரிந்தவை துருத்தியும் சுவருமே. தீயிட்டவர் இருவர், இருவரும் தங்கள் கொடியின் கீழ் ஊதியம் பெறுவோர். அவர்கள் பேசத் தொடங்கிவிட்டனர்.

மாடக்கண்ணு விடுவிக்கப்பட்டான். அரசியார் இச்செய்தி கேட்டு அழவில்லை. தங்களைத் தொட்டிலிட்டுத் தாலாட்டிய கைகளால் இவ்வோலையில் முத்திரை பதித்தார்; பதித்தபின் அக்கைகளை நீரில் கழுவினார்.

ஆதலால் ஆணை இது: குழல் இரண்டையும் இவ்வோலை கொணர்ந்த தூதன் கையில் தாங்களே எடுத்துத் தருக. வாளும் துணையுமின்றி அவன் முன்னே நடந்து தலைநகர் சேர்க. அவற்றில் மருந்திட எண்ண வேண்டாம். இதன் நகல் ஒன்று தங்கள் கோட்டைப் படைத்தலைவன் கைக்கு நேற்றே சேர்ந்துவிட்டது. தாங்கள் இவ்வரியை ஓதும் வேளையில், கருங்கணவாயின் மூன்று வாயில்களும் உள்ளிருந்தே தாழிடப்படும் ஓசை தங்கள் செவிக்கு எட்டும்.

அரசியார் ஆணைப்படி, உலகுடையான் கையெழுத்து. செவ்வரக்கில் மூவாற்று முத்திரை.