‘என் காது’ என்ற பொத்தான்

இல்லை, இன்னும் கொடுக்கவில்லை. பாட்டு மிக்சரைத் திருப்பித் தரச் சொல்லி உன் அண்ணன் இரண்டு முறை கேட்டுவிட்டார். காலையில் ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிப் பார்த்தேன். அதன் பஞ்சில் இன்னும் உன் தேங்காயெண்ணெய் வாசனை. எதுவும் ஒலிக்காத ஹெட்போனோடு சமையலறை வரை போய்வந்தேன்.

நாமக்கல் விடுதியில் நமக்கு ஒரே அறை. நான் அடிவாரத்துக்காரி. நீ மலைமேல் அரியூர் நாட்டுக்காரி. படிப்பு முடிந்த வருடம் உன் ஊர்த் திருவிழாவுக்கு வந்தேன். விசேஷங்களுக்கு ரேடியோ செட் கட்டும் உன் அண்ணன், சேலத்திலிருந்து பழைய டிஜே மிக்சர் ஒன்றை வாங்கி வந்திருந்தார். எழுத்தெல்லாம் தேய்ந்துபோன கறுப்புப் பெட்டி. இரண்டு கேசட் பிளேயர்களை அதில் இணைத்துப் பாட்டை ஓடவிட்டு, இன்னொரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டப் பலாமரத்தில் ஏறினார்.

“பாட்டு நிக்காமப் பாத்துக்க புள்ள” என்றார் உன்னிடம்.

அந்தச் சொல்லின் கனம் எனக்கு அப்போது தெரியாது. உங்கள் ஊரில் சாவுச் செய்தி வந்தால்தான் செட்டைப் பாதியில் நிறுத்துவார்கள். செட் நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வாசலுக்கு வருவார்கள்.

நான் கோயில் பக்கம் நின்றிருந்தேன். பாட்டு நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பிறகு ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

“யாருங்க போனது? மேலூட்டுப் பெரியவரா?”

“நான் இங்கதான ஆயா நிக்கறேன்” என்றார் மேலூட்டுப் பெரியவர், அவள் பின்னாலிருந்து.

நான் பலாமரத்துக்கு ஓடிவந்தேன். நீ ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாய். கண்மூடித் தலையாட்டிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டபடி. ஒரு காதை விலக்கினேன்.

“நல்ல எடத்துல எடுக்கறியே புள்ள” என்றாய்.

“ஊருக்குக் கேக்கல.”

“எனக்குக் கேக்குதே?”

இரண்டாவது கேசட் உன் காதில் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. நீ அழுத்தியது ஹெட்போனுக்கு மட்டும் ஒலி தரும் பொத்தான். ஊருக்கு அனுப்பும் தள்ளுவிசை அடியிலேயே கிடந்தது. நான் அதை மேலே தள்ளினேன்.

ஊர்க்கவுண்டர் வந்தார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கண்ணு, நாளைக்குச் சாமி பொறப்பாடு. கீழநாட்டு செட்டுக்காரங்களக் கூப்புட்டுக்கறோம். இது படிச்ச புள்ளைங்க வெளையாடற எடமில்ல.”

உன் அண்ணன் மரத்திலிருந்து இறங்கித் தலைகுனிந்து நின்றார். ஒருமுறை கீழ்நாட்டு செட் மேலே வந்துவிட்டால், பிறகு மலையில் யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். அது உனக்குத் தெரியும்.

“நாளைக்கு நிக்காதுங்க. நின்னா நானே வயரச் சுருட்டிட்டுப் போறனுங்க” என்றாய்.

கவுண்டர் உன்னைப் பார்த்தார். “சரி, போ.”

அன்று பிற்பகல் முழுவதும் கற்றோம். பாட்டை நிறுத்தவும் வழியில்லை. ஓடுகிற பாட்டிலேயே கற்க வேண்டும். நீ ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் தொடுவாய். நான் பள்ளத்து நெல்வயலுக்கு அப்பால், வரப்பில் துண்டோடு நிற்பேன். ஒலி கூடினால் துண்டை உயர்த்துவேன். கரகரத்தால் சுழற்றுவேன். திரும்பி வந்ததும் பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டுவோம். உள்ளே வரும் ஒலியின் திருகுக்கு வரத்து. உச்ச ஒலிக்குக் கீச்சு. அடி ஒலிக்குக் கனம். இரண்டு பாட்டுக்கும் நடுவே இடவலமாக நகரும் விசைக்கு ஊஞ்சல். ஊருக்குப் போகும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கடைசித் திருகுக்கு ஊர். உன்னை ஏமாற்றிய பொத்தானுக்கு நீயே பெயர் வைத்தாய்: என் காது.

வரத்தைக் கூட்டிவிட்டு ஊரைக் குறைத்துப் பார்த்தோம். சத்தம் குறைந்தது, கரகரப்பு போகவில்லை. “வாரப்பவே கிழிஞ்சு வந்தா அப்புறம் எங்க தெக்கறது?” என்றாய். நான்கு வருடக் கல்லூரியில் நான் குறித்துக்கொண்ட எந்த வரியையும்விட இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததை நீ காதில் கேட்டாய், தள்ளுவிசையை ஏற்றினாய், ஊஞ்சலை நகர்த்தினாய். சாமி புறப்பட்டு மேளம் எழுந்தபோது, பாட்டு எங்கே ஓய்ந்தது என்று யாருக்கும் தெரியாதபடி ஊரைக் குறைத்தாய். கவுண்டர் போகிற போக்கில் சொன்னார்.

“இன்னிக்கு ஒருத்தரும் சாவல.”

அதன்பிறகு மலையிலும் அடிவாரத்திலும் எத்தனை கல்யாணங்கள். நாம் இரண்டு பேர். பெட்டி என் வீட்டில்.

நீ சேலம் ஆஸ்பத்திரியில் போன அன்று உன் ஊரில் விசேஷம் எதுவும் இல்லை. நிறுத்துவதற்கு ஒரு பாட்டுகூட இல்லை.

இந்த வருடத் திருவிழாவைக் கீழ்நாட்டுக்காரர்களுக்கே விட்டுவிடலாம் என்கிறார் உன் அண்ணன். “அவ இல்லாம எப்புடிங்க. பெட்டியையும் அவங்களுக்கே குடுத்தர்றேன்.” நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று பல நாட்களாக எனக்குள் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வாக்கியம் வாக்கியமாக. அவ்வளவு தெளிவாகக் கேட்டதால், சொல்லிவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

எனக்குள் எது நிறைந்து ஒலித்தாலும் இப்போது சந்தேகம் வருகிறது. அது வெளியே போயிற்றா? நீ விட்டுப்போன பழக்கம். இனி போகாது.

இதுவரை எழுதிவிட்டுத் தெருமுனை போன் பூத்துக்குப் போய் உன் அண்ணனைக் கூப்பிட்டேன். திருவிழாவுக்கு நான் வருகிறேன் என்றேன். “ஒருத்தியாவா?” என்றார். ஆமாம் என்றேன். ஸ்பீக்கரை இந்த முறை எந்த மரத்தில் கட்ட வேண்டும் என்றும் சொன்னேன்.