முப்பாட்டனாருக்கு ஒரு நாற்காலி

என் அன்பானவருக்கு,

நலம்தான். இந்தக் கடிதத்தை இங்குள்ள சமையல்கார அம்மா உங்களிடம் தருவார்.

நாகலூர் பங்களாவில் நான் சுத்தம் செய்ய வந்த பழைய ஓவியத்தில், அரசர் வெள்ளைக்காரத் தூதரை வரவேற்கிறார். எஸ்டேட் முதலாளியின் முப்பாட்டனார் அரசருக்குப் பின்னால் வெறுங்காலோடு குடை பிடித்து நிற்கிறார்.

"அவரைத் தூதர் பக்கத்துல நாற்காலியில உக்கார வெச்சிரு கண்ணு. மகன் கல்யாணத்துக்குப் பெரிய மனுசங்க வர்றாங்க," என்றார் முதலாளி. மறுத்தேன். அன்றே கேட்டைப் பூட்டி, என் போனையும் வாங்கிக்கொண்டார்.

நேற்று அவர் சொன்னபடியே வரைந்து முடித்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பழைய படத்தைப் பாத்தவங்க வேற ஆராச்சும் இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க," என்றேன்.

முதல் நாளே உங்களுக்கு அனுப்பிய பழைய படத்தின் போட்டோ அந்தப் போனில் இருக்கிறது. அவர் பார்ப்பதற்குள் வாருங்கள். தனியாக வராதீர்கள்.

உங்கள் மனைவி