ஊசியில் நூல் கோத்தவள்

நவம்பர் 12, செவ்வாய். லாசால்.

தங்கச்சி புவனம் என்னிடம் சொல்லாமலே கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்டுவிட்டாள். அதுவும் நான் வேண்டாமென்று இரண்டு மாதம் சண்டை பிடித்த அந்த ஆஸ்பத்திரியில். போருக்குப் பிறகு வன்னியில் யாரோ தர்மத்துக்குக் கட்டிய கண் ஆஸ்பத்திரி. காசு வாங்காதவன் கண்ணைக் கவனமாகப் பார்ப்பானா என்று கேட்டவன் நான்.

இன்று காலை வீடியோவில் வந்தாள். கட்டு அவிழ்த்தாயிற்று.

"ஊசியிலை நூல் கோத்தனான் அண்ணை," என்று தூக்கிக் காட்டினாள். கோபிக்கத்தான் இருந்தேன். ஆனால், இன்னொரு தரம் காட்டு என்றுதான் கேட்டேன்.

பிறகு கேட்டாள்: "என்னண்ணை, போனை மூக்கோடை ஒட்டி வைச்சிருக்கிறியள்? முந்தி நானும் இப்பிடித்தான் வைச்சிருந்தனான்."

"இஞ்சை வெளிச்சம் காணாது."

"உங்களுக்குப் பின்னாலை ஜன்னல் நிறைய வெயில். எனக்கு இப்ப எல்லாம் தெரியும்."

மகன் எடுத்துத் தந்த கண் வைத்தியரைப் பார்க்கும் திகதியை இரண்டு தடவை தட்டிக் கழித்திருக்கிறேன். நான் குடியேறிய இந்த நாட்டிலும் அது இலவசம்தான்.

அவளுக்குப் பார்வை கொடுத்தவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும். நாளைக்கு மகனிடம் திகதி எடுக்கச் சொல்வேன். என்னில் பிழை என்று மட்டும் புவனத்திடம் சொல்லமாட்டேன். அவளுக்குத்தான் இப்போது எல்லாம் தெரிகிறதே.