வண்டியின் சைலன்சரும் உன் பிராதும்

கொளஞ்சியப்பர் துணை

விருத்தாசலம்
22-8-94

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதிக்கொண்டது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி சௌந்தர்யாவும் சுகமாக இருக்க வேண்டும், அதை மட்டும்தான் காலையில் விளக்கேற்றும்போது கேட்கிறேன். இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூடப் பொய் எழுதுவதில்லை என்று உட்கார்ந்திருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். மழை இன்னும் பிடிக்கவில்லை. எனக்கு முட்டி வலி பரவாயில்லை. பீங்கான் கம்பெனியில் இரண்டாவது சூளையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதனால் எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மீதி நாட்களில் வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதைவிட வேலை செய்யலாம்.

போன வாரம் உன் கவர் வந்தது. தபால்காரரிடம் வாங்கியது அனுசியா. உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரித்துவிட்டாள், அதற்காக அவளைக் கோபிக்காதே, பத்து மாதமாக உன்னிடமிருந்து தனக்கு ஒரு வரி வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள். உள்ளே தனியாக மடித்து வைத்திருந்த பிராதையும் அவள்தான் முதலில் படித்தாள். என் தாய் அமிர்தத்தின் சாவுக்குக் காரணம் என் அண்ணன் மனைவி அனுசியா, உடம்பு முடியாதவளை அடைமழையில் தன் தங்கை வளைகாப்புக்கு அனுப்பிக் கொன்றுவிட்டாள், கொளஞ்சியப்பா நீதான் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நம் ஊரில் போலீசுக்குப் போகாத வழக்கெல்லாம் காகிதத்தில் எழுதி அவரிடம்தானே போகிறது, அதனால் நீ எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இதை அப்பா கையாலேயே அவர் கோயிலில் இருக்கிற முனியப்பர் வேலில் கட்ட வேண்டும், பதில் கிடைக்கும் வரை ஐப்பசியில் வரும் அம்மாவின் முதல் வருஷத் திதிக்குக்கூட அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். அனுசியாவுக்கு இது ஏழாம் மாதம். படித்த அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. துணிகளை மூட்டை கட்டிக் கட்டில் அடியில் வைத்திருக்கிறாள், சேத்தியாத்தோப்புக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பமாட்டாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பிராதைக் கட்டினேனா இல்லையா என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நம் வண்டியின் சைலன்சரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பற்றிக் கேட்டால் இவர் வண்டியைப் பற்றிப் பேசுகிறாரே என்று கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே.

நீ எட்டாவது படிக்கும்போது ஏலத்தில் எடுத்த பெட்ரோல் ஜீப், பின்பக்கத்தை வெட்டித் தொட்டி கட்டி, முன்னால் தகரத்தில் கேபின் அடைத்துப் பிக்கப் வண்டி ஆக்கினோமே, அதுதான் இன்னும் ஓடுகிறது. பியூஸ் கட்டையும் பீங்கான் பொம்மையும் வைக்கோல் வைத்து அடுக்கி வேப்பூருக்குக் கொண்டுபோய் மெட்ராஸ் லாரியில் ஏற்றிவிட்டு வருவேன். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிப் போன இரண்டு வருஷமாக அது போட்ட சத்தம் கொஞ்சமில்லை. உன் அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி என்பது உனக்குத் தெரியும். வண்டி தெருவில் நுழையும்போது ஈரத்துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஆனால் வாய் மட்டும் குறையாது. ஒங்க வண்டி வேப்பூரு ரோட்டுல திரும்பறப்பவே காதுல வுழுந்துடுது, அப்பவே ஒல வெச்சிடறேன், நீங்க வூட்டுக்கு வந்து சேரறதுக்குள்ள சோறே வடிச்சிடலாம் என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

போன வருஷம் ஆவணியில் அந்த சைலன்சர் டப்பாவைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, உள்ளே சூளைக் கதவைச் சுற்றி வைக்கிற வெள்ளைப் பஞ்சை அழுத்தி அடைத்தேன். நெருப்பில் எரியாத பஞ்சு, கம்பெனியில் கழித்துப் போட்டது. பஞ்சுக்கு நடுவே புகை கசிந்து போய்விடும், சத்தம் மட்டும் உள்ளே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். அப்படியே ஆயிற்று, வண்டி பூனை மாதிரி வந்து வாசலில் நின்றது. அம்மா வெளியே ஓடிவந்து பார்த்து, இப்பத்தான் இது மனுஷங்க குந்துற வண்டி என்றாள். அதற்குப் பிறகு தானாகவே வந்து ஏறுவாள், ஸ்ரீமுஷ்ணம் பெருமாளைக்கூட இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். இருபத்தாறு வருஷம் சூளை எரித்தவன் நான். புகை போகிற வழியை அடைத்தால் நெருப்பு மூச்சு முட்டும், புகை முன்வாசல் வழியாகத் திரும்பி வரும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பவன். ரயில்வே மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்காமல் திணறியது, வயசாகிவிட்டது என்று நினைத்தேன். இன்ஜினிலிருந்து புகைக் குழாய் கிளம்புகிற மூட்டில் புகை பொத்துக்கொண்டு வந்தது, அதையாவது மெக்கானிக் நல்லமுத்து பட்டறையில் காட்டியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா, சூளைக் கதவுக்குப் பூசுவதுபோல் சூளை மண்ணைக் குழைத்து மூட்டைச் சுற்றிப் பூசிவிட்டேன். சூளை இருந்த இடத்தில் இருக்கும், அதில் அந்த மண் வருஷக்கணக்கில் நிற்கும். வண்டி குலுங்கும் என்பது என் புத்தியில் ஏறவில்லை.

இனிமேல் எழுதுவதை மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது படி. அன்றைக்கு அனுசியாவுக்குக் காய்ச்சல், அவளால் தங்கை வளைகாப்புக்குப் போக முடியவில்லை. சீர்த்தட்டு போகாமல் இருக்கக் கூடாது, நானே போய் வெச்சிட்டு வரேன் என்று கிளம்பியது உன் அம்மா. பஸ்ஸில் போகிறேன் என்றாள். நான்தான், மழையில் எதற்கு பஸ், வண்டிதான் சத்தமில்லாமல் இருக்கிறதே என்று கூப்பிட்டேன். அவள் பக்கத்துக் கண்ணாடியைச் சாரலுக்காக ஏற்றிவிட்டேன். என் பக்கம், திரும்பும்போது கையைக் காட்ட வேண்டும் என்பதால் திறந்தே இருந்தது, நான் தலையை வெளியே நீட்டி நீட்டி ஓட்டினேன். பாதி வழியில் தலை சுத்துதுங்க, கொமட்டுது என்றாள். எப்போதும் வருகிற தலைவலி என்று நினைத்து, கண்ணை மூடிச் சாய்ந்துகொள் என்றேன். சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தேன், நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, கல்யாணத்தின்போது இருந்த மாதிரி களையாக இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. குலுங்கி முழித்துக்கொள்ளப் போகிறாளே என்று பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினேன் வேல்விழி. சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பாளோ என்னவோ, நான் மெதுவாக ஓட்டினேன். எனக்கும் தலை கனத்தது, காலையில் டீ குடிக்காததால் என்று இருந்துவிட்டேன். சேத்தியாத்தோப்பு வெள்ளாற்றுப் பாலம் வந்ததும், அமிர்தம், ஊர் வந்துடுச்சி என்று தோளைத் தொட்டேன். மீதி உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வண்டியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அப்போது எனக்கே தெரியாது.

தெரிந்தது பங்குனியில். காரியம் முடிந்த நாளிலிருந்து நிறுத்தியே வைத்திருந்த வண்டியை உன் அண்ணன் இளவழகன் நல்லமுத்து பட்டறைக்குக் கொண்டுபோய் விட்டான், நான் மட்டும் கூட நின்றேன். நல்லமுத்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டான். மூட்டு மண் வெடித்து உதிர்ந்திருந்தது, கேபின் தகரத்துக்கு அடியில் அந்த இடது பக்கம் மட்டும் கரி அப்பியிருந்தது, கால் வைக்கிற இடத்தில் ஆணி ஓட்டைகள். அண்ணே, பெட்ரோல் பொக கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் சரியா தெரியாது, இந்தப் பக்கத்துல யாருண்ணே குந்திக்கிட்டு வந்தாங்க என்று கேட்டான். கேட்ட பிறகுதான் அவனுக்கே ஞாபகம் வந்தது போல, அதன் பிறகு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து மாதம் அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உன் கடிதம் ஒவ்வொன்றிலும் அனுசியாவைத் திட்டி வரும், படித்து மடித்து வைத்துவிடுவேன். அவளும் நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன் என்று சமையல்கட்டில் அழுவாள், நான் அதைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். பயம்தான், வேறு என்ன. பெற்ற பிள்ளைகள் இரண்டும் போய்விடும் என்று பயம்.

உன் பிராதைப் படித்த மறுநாள் பட்டறைக்குப் போனேன். அனுசியாவைப் பிரசவத்துக்கு இந்த வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும், சைலன்சர் மாற்றாமல் அது தெருவில் இறங்கக் கூடாது. இளவழகனும் வந்தான். பழைய மாதிரியே சின்ன வாய் வைத்த டப்பா ஒன்று இருந்தது, சத்தம் வராது ஆனால் உள்ளே புகை நாலு தடுப்பு முட்டித் திரும்பித்தான் வெளியே வரும், இந்தக் கிழட்டு இன்ஜின் அதைத் தாங்காது என்றான் நல்லமுத்து. இளவழகன், டப்பாவே வேணாம், நேர் பைப்பு போட்டுடு, சத்தம் வந்தா வரட்டும் என்றான். நேர் பைப்பில் புகை தடையில்லாமல் போகும், உண்மைதான், ஆனால் பிறக்கப் போகிற குழந்தை அந்தச் சத்தத்தில் அலறிவிடும். மூன்றாவதாக நல்லமுத்து ஒன்று செய்து காட்டினான். நடுவில் அதே அகலத்தில் நேர் குழாய், அதன் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை, அதற்கு மேல் பெரிய குழாய் ஒன்றை மாட்டி இரண்டுக்கும் நடுவில் பஞ்சு. புகை நேராகப் போய்விடுகிறது, சத்தம் ஓட்டை வழியே பஞ்சில் போய் அடங்குகிறது. பஞ்சு எது என்று கேட்டேன். ஒங்க சூள பஞ்சுதாண்ணே, அது நல்ல சாமான், வழியில வெக்காம ஓரத்துல வெக்கணும் என்றான். அதே பஞ்சு வேல்விழி. ஒரு சாண் தள்ளி வைத்திருந்தால் உன் அம்மா இப்போது எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள். அங்கேயே அழுதுவிட்டேன், ஏன் என்று கேட்ட இளவழகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அதையேதான் மாட்டினோம். மூட்டுக்கு மண் பூசவில்லை, முறையான பேக்கிங் வைத்து முறுக்கினோம். குழாயைத் தொட்டிக்குப் பின்னால் வரை நீட்டிவிட்டோம், கேபின் தகரத்தை மாற்றினோம். ஒவ்வொரு மூட்டிலும் நான் ஊதுவத்தியைப் பிடித்து, அதன் புகை ஆடுகிறதா என்று பார்த்தேன், எங்கும் ஆடவில்லை. வண்டி பாலத்தை லேசாக ஏறுகிறது, வாசலில் வந்து நின்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரிவதில்லை. அப்படியும் இடது பக்கக் கண்ணாடியை நான் கழற்றிப் போட்டுவிட்டேன். மழை உள்ளே அடிக்கிறது, அடிக்கட்டும். வீட்டில் அனுசியாவை உட்காரவைத்து என் வாயாலேயே சொன்னேன். ஏன் மாமா இத்தினி நாளு சொல்லல என்று ஒரே ஒரு தடவை கேட்டாள், அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து எனக்குத் தட்டு வைத்தாள். அவளும் கொஞ்சம் சாப்பிட்டாள். மூட்டை இன்னும் கட்டில் அடியில்தான் இருக்கிறது. இளவழகன் மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை, அது நியாயம்தான்.

நேற்று மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நடந்தே போய்ப் பிராதைக் கட்டினேன். நீ எழுதியதில் எதிராளியை மட்டும்தான் மாற்றியிருக்கிறேன், அனுசியா என்ற இடத்தை அடித்துவிட்டு கொளஞ்சிநாதன் என்று எழுதினேன். அண்ணன் மனைவி என்பதையும் அடித்து அப்பா என்று போட்டு, மீதி வரியை அதற்கேற்றபடி திருத்தினேன். குருக்கள் படித்துவிட்டு, எதிராளி யாருங்க, சாமி பேரா இருக்குதே என்றார். நான்தான் என்றேன். அவர் காகிதத்தைச் சாமி பாதத்தில் வைத்து விபூதியோடு மடித்துக் கொடுத்தார், முனியப்பர் வேலில் கட்டினேன். பிராதை வாபஸ் வாங்குவதானால் எழுதியவர்தான் நேரில் வந்து ராஜினாமா எழுத வேண்டும் என்று அவர் சொன்னார். வா என்று நான் கூப்பிடவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை. திதி ஐப்பசியில், அனுசியாவுக்குப் பிரசவமும் அந்த மாதத்தில்தான், அவளுக்காவது ஒரு வரி எழுது.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், பேத்தி நூறு வயது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. போன பனிக்காலத்தில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தோம், கதகதப்பாக இருந்தது என்று எழுதியிருந்தாய். அதுவும் இதே புகைதான். அடுப்பை வெளியே வை, எவ்வளவு குளிரினாலும் ஒரு ஜன்னலைத் திறந்து வை. குழந்தை அசந்து தூங்குகிறாள், முகம் அழகாகச் சிவந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. தொட்டு எழுப்பு. அழுதாலும் பரவாயில்லை, எழுப்பிவிடு.

இப்படிக்கு,
எழுப்பாமல் விட்ட உன் அப்பா,
கொளஞ்சிநாதன்