தங்கைதான் என்பதற்கு என்ன சாட்சி

டிசம்பர் 3

பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஆண்டுக் கடைசியில் காதுக்கு ஓய்வே கிடையாது. காலையிலிருந்து ஒரே கதை. பாதி விலையில் ஷூ, பாதி விலையில் மிக்ஸி. அந்தக் கடையே உலகத்தில் இல்லை. 'உங்கள் பார்சல் நிற்கிறது, இந்த லிங்க்கைத் தொடுங்கள்' என்று செய்தி வந்ததாம், தொட்டார்களாம், பணம் போச்சாம். அப்படி ஒரு செய்தியை நாங்கள் அனுப்புவதே இல்லை. ஏன் தொட்டீர்கள் என்று கேட்கக் கூடாது. பாதி நேரம் கேட்டும் விடுகிறேன்.

சுவரில் ஒட்ட மேற்பார்வையாளர் யோசனை கேட்டார். நான் சொன்னதைத்தான் ஒட்டினார்: சொந்தக்காரர் என்று சொல்லிப் புது எண்ணிலிருந்து யாராவது எதையாவது கேட்டால், அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள், பதில் தப்பென்றால் எண்ணைத் தடை செய்யுங்கள். கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்தது.

டிசம்பர் 6

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து செய்தி.

"அக்கா, குட்டி பேசறேன். நம்பர் மாத்திட்டேன். உனக்கு ஒரு பார்சல் அனுப்பணும், விலாசம் அனுப்பு. புக் பண்ணும்போது உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதையும் அனுப்பு."

குட்டி என் தங்கை. என்னோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது. மூன்று வருஷம் வாய் திறக்காதவளுக்குச் சரியாகத் தள்ளுபடி சீசனில் பாசம் பொங்குமா? அதுவும் ரகசிய எண் கேட்டு? தெருவுக்கு நாலு குட்டி இருக்கிறார்கள், பெயரைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையா?

ஆனாலும் என் விதிப்படியே கேட்டேன்: நாம ஏன் பேசறதில்லை, சொல்லு.

அதற்கு ஒரே பதில்தான். அப்பாவின் கைக்கடிகாரம். அவர் போன பிறகு அதை என் வீட்டுக்காரர் கையில் கட்டிவிட்டேன். அவள் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், அவ்வளவுதான்.

பதில் வந்தது. "நீ என்கிட்ட பொய் சொன்னதுக்கு."

எந்த அக்கா தங்கையிடம் பொய் சொல்லவில்லை? யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற பதில். தடை செய்துவிட்டேன்.

டிசம்பர் 7

இவரிடம் சொன்னேன். சிரித்தார். நானே வாசலில் பெல் அடித்தாலும் சாட்சி கேட்பாய் போலிருக்கிறது என்றார். பிறகு, கூப்பிட்டுக் குரலைக் கேட்டிருக்கலாமே என்றார். இப்போதெல்லாம் குரலையும் போலியாகச் செய்கிறார்கள் என்று பாடம் எடுத்தேன். உண்மைதான். ஆனால் அதற்காகவா கூப்பிடாமல் இருந்தேன்?

டிசம்பர் 9

என்ன பொய்?

டிசம்பர் 10

அவளுடைய பழைய எண்ணுக்கு அடித்தேன். உபயோகத்தில் இல்லை. அப்படியானால் நம்பர் மாற்றியது நிஜம். இல்லை, இல்லை — எண் செத்துப்போனதை விசாரித்துவிட்டுத்தான் ஏமாற்றுகிறார்கள். எனக்குத் தெரியாததா?

இரண்டு அழைப்பைத் தப்பான இடத்துக்கு மாற்றிவிட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 12

இன்று ஒரு அம்மாள் பேசினார். போலிக் கடையில் ஏமாந்ததை மகனிடம் சொல்லவில்லையாம். "ஒண்ணுமில்லப்பா, பார்சல் லேட்டாகுதுன்னு சொல்லி வச்சிருக்கேன். புது வேலைல இருக்கான், அவன் எதுக்கு அலையணும்?"

அம்மாள் ஹலோ ஹலோ என்கிறார்.

அதே வார்த்தை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று குட்டியிடம் நான் சொன்னது. ஒண்ணுமில்லடி, சளிதான். புது வேலைல இருக்கே, எதுக்கு அலையறே? மூன்றாம் நாள் அப்பா இல்லை. அவள் வந்தபோது அவர் முகம் மூடியிருந்தது.

அய்யோ. கடிகாரம் என்றா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்? கல்லு மாதிரி இருந்திருக்கேனே! அவளேதான். அவளைத்தான் தடை செஞ்சு வச்சிருக்கேன்.

டிசம்பர் 13

தடையை எடுத்துவிட்டு எழுதினேன்: அப்பாவுக்குச் சளின்னு சொன்னேனே, அந்தப் பொய்தானே? மன்னிச்சுடு குட்டி.

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

டிசம்பர் 14

இல்லை.

டிசம்பர் 16

நான்கு முறை அடித்தேன். எடுக்கவில்லை. இப்போது அவள் என்னைத் தடை செய்தால் நான் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? வேலையில் போனை மேஜைக்குள் போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

டிசம்பர் 18

வார விடுமுறை. காலையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். குரலில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நான் அழுது, விளக்கம் சொல்லி, கடிகாரத்தை அனுப்பிவிடுகிறேன் என்று உளறி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நீயே வச்சுக்கோ என்றாள். பிறகு, ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்றாள்.

"அப்பா என்னைக் கேட்டாரா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் மனசு ஆறியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"கேட்டார். குட்டி ரயில் ஏறிட்டாளான்னு ரெண்டு தடவை கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"ஏறிட்டாள்னு சொன்னேன்."

மாடியில் வெயில் ஏறிவிட்டது. வாளியில் பாதித் துணி அப்படியே கிடந்தது. அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.