தாய்மாமன் வந்து சொல்லட்டும்

1971 ஆடி, வெள்ளிக்கிழமை.

என் ஒன்பதாம் வகுப்பு மாணவி கஸ்தூரியை இன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். தாய் தகப்பன் இல்லாதவள்; வெள்ளானூரில் தாய்மாமன் வீட்டில் வளர்கிறாள். விளக்கணைத்த பிறகு தன்னைத் தொட வருவது மாமாதான் என்று ஏட்டிடம் அவளே சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

ஏட்டு பேனாவை மூடினார். "பொண்ணு பேச்ச மட்டும் வெச்சிகினு இன்னா எழுதறது டீச்சரம்மா? தாய்மாமன் வந்து சொல்லட்டும்."

"அந்த ஆள் மேலதானே புகார்?" என்றேன்.

"அந்தப் பொண்ணுக்காகப் பேச வேற யாரு கீறாங்க?"

ஆள் அனுப்பினார்கள். சைக்கிளில் வந்த மாமன் எனக்குக் கும்பிடு போட்டான். "சின்னப் பொண்ணு, இன்னாவோ உளறுது" என்றான். அத்தோடு முடிந்தது. அவளை அவனோடேயே அனுப்பிவிட்டார்கள்.

மண் ரோட்டில் சைக்கிள் குலுங்கியபோதும் அவன் மேல் கை படாமல், கேரியர் கம்பியையே பிடித்துக்கொண்டு போனாள்.

இந்நேரம் அந்த வீட்டில் விளக்கை அணைத்திருப்பார்கள்.