குப்பிச் சீட்டில் எழுதிய இடம்

குடவாசல்,
ஆனி 12

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அசாம் மழையில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கவேண்டும். ஆற்றில் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகிறது, நம் வாய்க்காலை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. சினைப்பசு இந்த வாரமோ அடுத்த வாரமோ என்று நிற்கிறது. போன் இருக்கும்போது இந்த மனுசன் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய், உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு நாக்கு எழும்பவில்லை.

உன் பூச்சி ஆராய்ச்சிக்கு என்று நான் இலைப்பேன் பிடித்துப் போட்டு வைத்து, பொங்கலுக்கு வந்தபோது நீ எடுத்துப்போன ஸ்பிரிட் குப்பிகளில் ஒன்றில் இருந்த ஆறு பேனும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத புது இனம் என்று சொன்னாய். மைக்ராஸ்கோப்பில் முதுகு மயிர் ஒவ்வொன்றையும் எண்ணி அளந்து படம் வரைந்துவிட்டாய், ஆறுமே பொட்டை, ஒரு ஆண் கிடைத்தால் முழுசாக எழுதிவிடலாம் என்றாய். செடியைத் தொடாது, செடிச் சாறை உறிஞ்சும் சிவப்புச் சிலந்திப்பேனைப் பிடித்துத் தின்னும் நல்ல ஜாதி, அதற்கு அண்ணன் பெயரை வைக்கப்போகிறேன் அப்பா என்றாய். உன் அம்மா அன்று முழுக்க அழுதாள். பிறகு நீ சொன்னபடி கொல்லை நுணா மரத்தில் நூறு இலை பறித்து லென்ஸ் வைத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. இடம் சரிதானா அப்பா என்று இரண்டு தரம் கேட்டாய், இரண்டு தரமும் சரிதான் என்றேன். குப்பிக்குள் பென்சிலால் சீட்டு எழுதிப் போட்டவன் நான்தான், வீட்டுக் கொல்லை நுணா என்று எழுதினேன். அது பொய்.

அந்தப் பேன் இருந்த இலை ஆற்றோரப் பருத்தித் திடலின் மூலையில் நிற்கிற நுணாவில் பறித்தது. உன் அண்ணன் மருந்தடிக்கும்போது விழுந்தானே, அங்கே. மூன்று வருசமாக அதைத் தரிசாகப் போட்டுவிட்டேன், அந்தப் பக்கமே போவதில்லை என்று உங்கள் இருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மடை பார்க்கப் போகிறேன் என்று உச்சிவேளையில் தினமும் அங்கேதான் போகிறேன். மருந்து டேங்கின் கைப்பிடியை இழுக்கிற சத்தம் கேட்கிறது மலர். கடக், கடக் என்று சீராக வரும், மரத்துக்கு இன்னும் எட்டுப் பருத்தி வரிசை மிச்சம் இருக்கும்போது, அவன் விழுந்த இடத்தில், நின்றுவிடும். பேய் பிசாசு என்றால் முதல் ஆளாகச் சிரிக்கிறவன் நான், உனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்து அடுத்த இழுப்பு கேட்குமா கேட்குமா என்று காத்திருக்கிறேன், மறுநாள் போகாமல் இருக்க முடியவில்லை. அந்தக் காத்திருப்பு தாளாமல்தான் நீ கொடுத்த லென்ஸை எடுத்து இலையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். நரம்பு பிரிகிற இடத்தில் சின்னக் குழி, அதிலிருந்து நெய்த்துளி மாதிரி ஒன்று விறுவிறு என்று ஓடிவந்து சிலந்திப்பேனைக் கவ்வியது, உறிஞ்ச உறிஞ்ச அதன் வயிறு சிவந்துகொண்டே போனது. அன்று அந்த மூலைக்கு மருந்து வந்து சேரவில்லை, பிறகு யாரும் அடிக்கவுமில்லை, அதனால்தான் அது அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இனிமேல் எழுதுவதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று உன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள், வீட்டில் நானும் அவனும்தான். பருத்தி இலை கருகிக்கொண்டிருந்தது, எனக்கு வயிற்றெரிச்சல். காத்து எதிர்க்க அடிக்குதுப்பா, வெயில் தாழ அடிக்கிறேன் என்றான். ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு சாக்கு, ஒன்ன நம்பிப் பயிர் வச்சேன் பாரு என்று கத்தினேன். டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். ஸ்டேஷனில் கேட்டபோது நான் தடுத்தும் கேட்காமல் போனான் என்று சொல்லிவிட்டேன், உன் அம்மாவிடமும் அதையே சொன்னேன். மூன்று வருசமாக அவள் செத்த பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். யார் வந்தாலும், பிடிவாதம் புடிச்சே உசிர விட்டான் என்கிறாள், நான் பக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நெடுமாறன் பிடிவாதக்காரன் இல்லை. என் பேச்சைக் கேட்டுத்தான் போனான்.

அவன் பெயரை அச்சில் ஏற்றும்போது கூடவே ஒரு பொய் நிற்கக்கூடாது. நாளைக்கு எவனோ படித்தவன் அதைத் தேடி வந்து நம் கொல்லையில் இலை பறித்து ஏமாறக்கூடாது. சேகரித்தவர் என்று என் பெயரைப் போடுவாயாமே, எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் பெயரை அடித்துவிடாதே, அந்த மரத்தடியில் கிடந்தவன் நான்தான் என்பது உண்மை. நேற்று பிடித்த ஒன்பதில் இரண்டு சிறுத்துத் தெரிகிறது, ஆணா குஞ்சா என்று நீ வரும்போது பார்த்துக்கொள்.

இதுவரை எழுதியதை இன்று காலை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கத்துவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். தண்ணி குடிச்சிட்டுப் போனானா என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை மலர், நான் அவன் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நிறைய வருசம் வாழவேண்டும். இடத்தைத் திருத்தாமல் எதையும் அனுப்பிவிடாதே.

உன் அப்பா,
வைரக்கண்ணு